பழைய பதிவு

2021 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் சங்கத் தலைவராக ராஷ்மி சமந்த் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பொறுப்புக்குத் தேர்வான முதல் இந்தியப் பெண் அவர். ஆனால், சில நாள்களிலேயே பதவி விலகினார். அவருடைய பழைய படவரிப் பதிவுகளே காரணம். 2017இல் பெர்லின் நகரில் யூதர் நினைவிடத்தின் முன் எடுத்த படத்திற்கு வேடிக்கையாகத் தலைப்பிட்டிருந்தார். இன்னொன்று நம் மலேசியாவில் எடுத்த படம். அதன்கீழ் 'சிங் சாங்' என எழுதியிருந்தார்.

ஜொகூர் பாருவில் சீன நண்பர்களோடு ஒரே மேசையில் உண்ணும் நமக்கு, அச்சொல் ஏன் சுடும் என்று விளக்க வேண்டியதில்லை. மாணவர்கள் கேள்வி கேட்டது சரியே. அவர் மன்னிப்புக் கேட்டார், பதவியையும் விட்டார். அதன் பிறகும் ஏச்சு ஓயவில்லை. பெற்றோரின் சமய நம்பிக்கைகூட இணையத்தில் இழுக்கப்பட்டது. இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. எழுதியது மகள், பெற்றோர் என்ன செய்தார்கள்?

மாணவர்களே, ஒன்று கேட்கிறேன். அப்படம் பதிவான அன்றே தோழி ஒருத்தி, "இதை நீக்கிவிடு, பிறர் மனம் புண்படும்" என்று தனியாகச் சொல்லியிருந்தால்? உங்கள் வகுப்பின் புலனக் குழுவில் கடைசியாக வந்த கேலிப்படத்திற்கு அப்படிச் சொன்னவர் யார்?