எரிமலைக்கு அட்வான்ஸ் திருப்பறதில்லை!

2010, ஏப்ரல். பி.காம். கடைசி வருஷப் பரீட்சைக்கு நான் படித்துக்கொண்டிருப்பதாக வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம். பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு லண்டனில் உத்தியோகம். பத்திரிகை அடித்தாச்சு, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு, ஜோசியர் பத்துப் பொருத்தமும் பார்த்தாச்சு. எரிமலைப் பொருத்தம் மட்டும் அவர் பார்க்கவில்லை.

சித்திரை பிறந்த அன்று, ஏப்ரல் 14-ம் தேதி, ஐஸ்லாந்தில் பனியாற்றுக்கு அடியில் ஒரு மலை வெடித்தது. மறுநாள் லண்டன் ஆகாயத்தையே இழுத்து மூடிவிட்டார்கள். அண்ணன் ஹீத்ரோவில் பெட்டி மேல் உட்கார்ந்திருக்க, இங்கே முகூர்த்தம் வந்து, யாரையும் பார்க்காமல் போய்விட்டது.

அண்ணனின் அப்பா மண்டபத்து மேனேஜரிடம் போனார். துணைக்கு நான். மேனேஜர் ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார். “மழை, பந்த், துக்கம் எல்லாம் பார்த்திருக்கோம் சார். எரிமலைக்கெல்லாம் அட்வான்ஸ் திருப்பறதில்லை.” ரசீதின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் அச்சடித்திருந்தது: ‘தெய்வச் செயலால் நேரும் நஷ்டத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.’ மெர்க்கண்டைல் லாவில் ‘ஆக்ட் ஆஃப் காட்’ என்று ஐந்து மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணியதை அன்றைக்குத்தான் நேரில் தரிசித்தேன்.

அந்த மலையின் பெயர் ஏயாஃபியாட்லயோகுட்ல். (இரண்டாவது தடவை எழுதச் சொல்லாதீர்கள்.) சிலர் முதல் எழுத்தை வைத்துக்கொண்டு மிச்சம் 15 எழுத்தையும் எண்ணி ‘ஈ-15’ என்று சுருக்கிக் கூப்பிட்டார்கள். மலை பெரிசும் இல்லை, வெடிப்பும் பிரமாதமில்லை. வம்பு பண்ணியது மேலே இருந்த பனி. கொதிக்கிற குழம்பு ஐஸ் தண்ணீரில் பட்டதும் படபடவென்று நொறுங்கி, கண்ணாடிப் பொடியாகி மேலே போனது. அது ஜெட் என்ஜினுக்குள் புகுந்தால் உள்ளே இருக்கும் சூட்டில் உருகி இறக்கைகளில் அப்பிக்கொள்ளும். என்ஜின் நின்றுவிடும். ஆறு நாளில் சுமார் ஒரு லட்சம் விமானங்கள் ரத்து. ஒரு கோடிப் பயணிகள் அம்போ. அதில் ஒருத்தர் எங்கள் அண்ணன்.

அன்றிலிருந்து அந்த நாட்டின் மேல் எனக்கு ஒரு கண். பரப்பளவில் தமிழ்நாட்டில் முக்கால் பங்குக்கு மேல். ஜனத்தொகை நாலு லட்சம்கூட இல்லை. நாட்டில் சுமார் பத்தில் ஒரு பங்கு பனியாறு. ஆனால் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். கடல் நீரோட்டம் வெதுவெதுப்பைக் கொண்டுவருவதால் தலைநகர் ரெய்க்யவிக்கில் ஜனவரியின் சராசரியே பூஜ்யம் டிகிரி பக்கம்தான். குளிரைவிடக் காற்றுதான் வில்லன். குடை பிரயோஜனமில்லை. வாடகைக் காரின் கதவை அஜாக்கிரதையாகத் திறந்தால் கதவு தனியாகப் போகும், நீங்கள் தனியாகப் போவீர்கள். கார் வாடகைக்காரர்கள் ‘மணல் - சாம்பல் இன்ஷூரன்ஸ்’ என்று தனியாகவே விற்கிறார்கள். காமர்ஸ் படித்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சரி, எரிமலை வெடித்தால் காசு யார் தருவது? 1783-ல் இந்தக் கேள்விக்கே இடமில்லை. லாக்கி என்ற பிளவு ஜூன் மாதம் திறந்து எட்டு மாதம் கக்கியது. புல்லெல்லாம் விஷம். ஆடு மாடு செத்தது, பிறகு பஞ்சம். ஜனத்தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் போய்விட்டார். வவுச்சர் போட ஆளில்லை.

1973 ஜனவரி 23, ராத்திரி இரண்டு மணி. ஹேமே என்ற தீவில் ஊர் ஓரத்திலேயே பூமி கிழிந்தது. தீவில் 5,300 பேர். முதல் நாள் கடலில் புயல். அதனால் மீன்பிடிப் படகுகள் எல்லாம் துறைமுகத்திலேயே கட்டிக் கிடந்தன. முந்தின நாள் ‘பாழாய்ப் போன காற்று’ என்று திட்டியவர்களை, அந்தக் காற்றால் நின்ற படகுகளே ராத்திரியோடு ராத்திரியாக அக்கரை சேர்த்தன. சுமார் 400 வீடுகள் சாம்பலிலும் குழம்பிலும் புதைந்தன. குழம்பு துறைமுகத்தை அடைத்துவிடாமல் இருக்க, மாதக்கணக்கில் கடல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். துறைமுகம் பிழைத்தது.

அடுத்து அந்த நாடு செய்த காரியத்துக்குத்தான் நான் தொப்பியைக் கழற்றுகிறேன். 1975-ல் இயற்கைப் பேரழிவுக்கென்று ஒரு பொது இன்ஷூரன்ஸ். வீட்டுக்குத் தீ இன்ஷூரன்ஸ் அங்கே கட்டாயம். அதோடு இதுவும் ஒட்டிக்கொண்டு வரும். கட்டடத்துக்குப் பிரீமியம் லட்சத்துக்கு 25 என்ற கணக்கில் இருந்தது. எரிமலை, பூகம்பம், பனிச்சரிவு, நிலச்சரிவு, வெள்ளம் எல்லாம் லிஸ்ட்டில் உண்டு. காற்று மட்டும் கிடையாது! (இன்ஷூரன்ஸ் கம்பெனி எந்த ஊரிலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிதான்.)

2023 நவம்பர் 10 ராத்திரி கிரிண்டாவிக் என்ற மீனவ ஊர் கிளம்பியது. நிலநடுக்கத்தில் தெருவே பிளந்தது. சுமார் 3,800 பேர் வெளியேற்றம். 2024 ஜனவரியில் குழம்பு ஊருக்குள் வந்து மூன்று வீடுகளை எரித்தது. அழிந்த வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. அழியாமல், ஆனால் குடியிருக்க முடியாமல் நிற்கிற வீட்டுக்கு? அரசாங்கம் ஒரு கம்பெனியே ஆரம்பித்து, தீ இன்ஷூரன்ஸ் மதிப்பில் 95 சதவிகிதம் தந்து வாங்கிக்கொண்டது. பின்னால் விற்பதானால் பழைய சொந்தக்காரருக்குத்தான் முதல் உரிமை. பெரும்பாலானவர்கள் விற்றுவிட்டார்கள். கணக்குப்படி பேரம் நியாயம்தான். ஆனால் எங்கள் வீட்டு நிலைப்படியில் நான் வளர வளர அப்பா பென்சிலால் போட்ட கோடுகள் இருக்கின்றன. தேய்மானம் போக அதற்கு என்ன ரேட் போடுவது என்று எந்த அக்கவுண்டன்ஸி புத்தகத்திலும் இல்லை.

‘எல்லாம் குளோபல் வார்மிங்கால’ என்று ஆபீஸ் கேன்டீனில் ஒருத்தர் தீர்ப்பு சொன்னார். கிரிண்டாவிக் பக்கம் பனியாறே கிடையாது சார். அந்தப் பழியை அங்கே போடக் கூடாது. ஆனால் தென்கிழக்கே வாட்னயோகுட்ல் என்ற ராட்சசப் பனிப்பரப்பு இருக்கிறதே, அங்கே விஷயம் வேறு. பனி கரையக் கரையப் பாரம் குறைந்து, சில இடங்களில் தரை வருஷத்துக்கு மூன்று சென்டிமீட்டர் வரை எழும்புகிறது. ஊர் உலகத்தில் கடல் ஏறுகிறது என்று கவலை. அங்கே ஹோப்ன் என்ற ஊரில் துறைமுகம் ஆழம் குறைகிறது என்று கவலை. குக்கரில் அழுத்தம் இறங்கினால் என்ன ஆகும்? நம் வீட்டில் சாதம் வெந்திருக்கும். பூமிக்கடியில், அழுத்தத்தால் கெட்டியாக இருக்கும் பாறை உருக ஆரம்பிக்கும். பனி யுகம் முடிந்தபோது ஐஸ்லாந்தில் எரிமலைகள் பல மடங்கு அதிகமாக வெடித்தது இப்படித்தான். இப்போதும் அடியில் குழம்பு கூடுதலாக ஊறுகிறது என்கிறார்கள். அது எப்போது மேலே வரும், எவ்வளவு வரும் என்பதற்குத்தான் தேதி இல்லை. தேதியில்லாத செக்!

ஓக் என்று ஒரு குட்டிப் பனியாறு. தன் கனத்தால் தானே நகர்ந்தால்தான் அது பனியாறு. நகரும் அளவுக்குக் கனம் இல்லை என்று 2014-ல் ஒரு விஞ்ஞானி அறிவித்தார். டெத் சர்டிஃபிகேட்டே எழுதினார். 2019 ஆகஸ்ட்டில் மலையேறிப் போய் நினைவுக்கல் பதித்தார்கள். அதில் அந்த வருஷம் காற்றில் இருந்த கார்பன் டை ஆக்ஸைடு அளவும் உண்டு: பத்து லட்சத்தில் 415. டெத் சர்டிஃபிகேட் வந்தாச்சு. வாரிசு சர்டிஃபிகேட் யார் பேருக்கு என்பதுதான் தெரியவில்லை.

அண்ணனுக்கு ஆனியில் கோயிலில் வைத்துக் கல்யாணம் ஆனது. போன மாதம் ஊருக்கு வந்திருந்தபோது இந்த 1975 இன்ஷூரன்ஸ் சமாசாரத்தை விலாவாரியாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: “அதுல மண்டபத்து அட்வான்ஸும் கவராகுமாடா?”