வீட்டுக்குள் இருந்தவர்களை நாங்கள் தேடவில்லை

ஒவ்வோர் ஏப்ரல் 15 அன்றும் திருநங்கையர் தினத்துக்கு வாழ்த்துச் சொல்கிறோம். 2008-ல் இந்தியாவிலேயே முதலில் நல வாரியம் அமைத்த மாநிலம் தமிழ்நாடு என்று மேடையில் பேசுகிறோம். கூவாகம் திருவிழாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். பெண்ணென்று வளர்க்கப்பட்டு, தன்னை ஆணாக உணர்ந்து வாழும் திருநம்பிகள் கமுதி வட்டாரத்தில் எப்படி இருக்கிறார்கள், மனம்விட்டுப் பேச அவர்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று இத்தனை ஆண்டுகளில் கேட்டதே இல்லை. நாங்கள் என்றால், இந்தச் சீமையில் பள்ளியில் கற்பிப்பவர்கள், பத்திரிகையில் எழுதுபவர்கள், சங்கங்களிலும் இயக்கங்களிலும் இருப்பவர்கள். இந்தக் குற்றத்தில் எங்கள் எல்லாருக்கும் பங்கு உண்டு.

வீட்டைவிட்டு வெளியேறும் திருநங்கைக்குப் போய்ச் சேர, திருநங்கைகளின் குடும்ப அமைப்பான ஜமாத் இருக்கிறது. மகளாக ஏற்றுக்கொள்ள ஒரு மூத்தவர் கிடைப்பார். அங்கும் கடனும் கட்டுப்பாடும் தண்டனையும் உண்டு. ஆனாலும் முதல் இரவு தலைசாய்க்க இடம் இருக்கும். திருநம்பிகளுக்கு அப்படியொரு மரபு இங்கே உருவாகவில்லை. உருவாக வேண்டுமானால் முதலில் அவர்கள் வாசலைத் தாண்ட வேண்டும். கமுதி பஸ் ஸ்டாண்டில் இருட்டிய பிறகு ஒரு பொம்பளப் பிள்ளை தனியாக நின்றால் அவர் வீட்டுக்குச் செய்தி போய்விடும். முடியைக் குட்டையாக வெட்டினால் அடி. படிப்பு முடிந்ததும் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள், அதுவும் சொந்த சாதிக்குள், பெரும்பாலும் சொந்தத்துக்குள். "அந்தப் புள்ள ஆம்பளச் சட்டை போட்டுத் திரியுது" என்று ஊர் பேசியபோது எங்களில் பலர் கேட்டுக்கொண்டு நின்றோம். சிலர் சேர்ந்து சிரித்தோம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். திருநங்கைகளிடையே அமைப்புகளும் களப்பணியாளர்களும் பெருகியதில் எச்.ஐ.வி. தடுப்புக்காக வந்த நிதிக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த நிதியின் கணக்கில் திருநம்பிகள் இல்லை. நிதி போகாத இடத்துக்கு எங்கள் அக்கறையும் போகவில்லை. 2011 கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத 'மற்றவர்' பிரிவில் தமிழ்நாட்டில் 22,364 பேர் பதிவானார்கள். அதில் திருநம்பிகள் எத்தனை பேர் என்று அந்த எண் சொல்லாது. அதைக் கேட்டு நாங்கள் ஒரு மனுகூட எழுதவில்லை.

கேட்பதற்கு ஆளில்லாததால் உடம்புக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். மார்பை மறைக்க மெடிக்கல் கடையில் க்ரேப் பேண்டேஜ் வாங்கி இறுகச் சுற்றிக்கொள்கிறவர்கள் உண்டு. இந்த வெயிலில் அதோடு நாள் முழுக்க வேலை செய்தால் மூச்சு முட்டும், விலா எலும்பு நோகும். அதற்கென்றே தைத்த பைண்டர் இருக்கிறது, அதையும் சில மணி நேரத்தில் கழற்றிவிட வேண்டும் என்று சொல்ல பக்கத்தில் ஒரு அண்ணன் வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் ஹீமோகுளோபின் கூடி ரத்தம் கெட்டியாகலாம், அவ்வப்போது பரிசோதனை வேண்டும் என்பதையும் அவர்தான் சொல்வார். டாக்டரிடம் கேட்கலாமே என்போம். மருந்துச் சீட்டில் பெண் பெயரை எழுதி, வரிசையில் எல்லார் முன்னாலும் அதைச் சத்தமாகக் கூப்பிடும் இடத்துக்குத் தனியாகப் போவது எவ்வளவு கடினம் என்று நாங்கள் யோசித்ததில்லை.

சட்டம் எங்களைவிட முன்னால் போயிருந்தது. திருநருக்கான 2020 சட்ட விதிகளின்படி மாவட்ட ஆட்சியரிடம் முதல் அடையாளச் சான்று பெற உறுதிமொழிப் பத்திரமே போதும், மருத்துவப் பரிசோதனை தேவையில்லை என்றிருந்தது. மதுரையிலிருந்து சென்னைக்குத் தப்பிப்போன இரு பெண்களின் வழக்கில், 2021 ஜூன் 7 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முக்கியமான ஆணை ஒன்றைப் பிறப்பித்தார். பால்புதுமையர் (எல்.ஜி.பி.டி.க்யூ.ஐ.ஏ.+) ஒருவரைக் காணவில்லை என்று புகார் வந்து, அவர் வயது வந்தவர், விருப்பத்தோடுதான் போனார் என்று தெரிந்தால், தொல்லை கொடுக்காமல் புகாரை முடிக்க வேண்டும் என்று காவல்துறைக்குச் சொன்னது அது. 'மகளைக் காணோம்' என்று புகார் கொடுக்கப்படும் திருநம்பிக்கு இதைவிடப் பெரிய கேடயம் வேறென்ன? அதைத் தமிழில் ஒரு துண்டறிக்கையாக அச்சிட்டுக் கமுதியிலோ முதுகுளத்தூரிலோ அபிராமத்திலோ நாங்கள் கொடுக்கவில்லை.

செய்தவர்கள் இருக்கிறார்கள். ஏ. ரேவதி ஒரு திருநங்கை. 2016-ல் ஆங்கிலத்தில் வந்த தன் நூலில் திருநம்பிகளின் வாழ்க்கைக்கும் இடம் கொடுத்தார். தன் சமூகத்தின் பாரம் போதாதென்று பக்கத்துச் சமூகத்தின் பாரத்தையும் சுமந்தவர் அவர். சத்யா ராய் நாக்பால் என்ற திருநம்பி 'சம்பூர்ணா' என்ற வலைப்பின்னலைத் தொடங்கினார். அமெரிக்காவில் லூ சல்லிவன் 1986-ல் சான் பிரான்சிஸ்கோவில் திருநம்பிகளைக் கூட்டி அமர்த்தினார். தூரத்தில் இருந்தவர்களுக்குக் கடிதமும் செய்தி மடலும் அனுப்பினார். எய்ட்ஸ் நோயால் 1991-ல் இறக்கும்வரை அதை விடவில்லை. அவர் கையில் தபால்தலைதான் இருந்தது. எங்கள் எல்லார் கையிலும் செல்போன் இருந்தது.

இனி செய்ய வேண்டியது இது. ஒரு தொலைபேசி எண் வேண்டும். அதை எடுப்பவர் திருநம்பியாக இருக்க வேண்டும், அவருக்கு மாதச் சம்பளம் வேண்டும். வெளியே வர முடியாதவரோடு அவர் சொல்லும் நேரத்தில், அவர் சொல்லும் பெயரில் பேச வேண்டும். வெளியே வர முடிந்தவரோடு ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்துக்கும் மதுரை பெரியாஸ்பத்திரிக்கும் ஒருவர் கூடப் போக வேண்டும். திருநம்பிகள் தங்களுக்குள் கூடிப் பேசும் கூட்டத்துக்குள் எங்களுக்கு நாற்காலி தேவையில்லை. வாடகையும் பஸ் காசும் சம்பளமும் எங்கள் பொறுப்பு.