கைக்கெட்டிய பாடம் கண்ணுக்கெட்டவில்லை!



செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் தாயார் ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் மூன்றாம் படிவத்தில் படிக்கிறான். கிள்ளானில் இருக்கும் தாய்மாமன், தாம் பயன்படுத்திய 10 அங்குல மடிக்கணினியைப் பையனுக்குக் கொடுத்தார். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு பாதுகாப்பு உதவி நின்றுபோனதால், அதை எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். நல்ல காரியம்தான். அதன் பிறகு நடந்ததைக் கேளுங்கள்.

பையன் பாடத்தை எழுதிவிடுகிறான், ஆனால் அனுப்பவில்லை. ஆசிரியர் இரண்டு முறை சொல்லி அனுப்பிவிட்டார். “அனுப்ப முடியலப்பா, பட்டனையே காணோம்” என்றிருக்கிறான். தகப்பனார் நம்பவில்லை. பொய் சொல்கிறான் என்று கை நீட்டிவிட்டார். பட்டணத்துக் கடைக்காரரோ, “இந்தச் சின்னத் திரை இனி உதவாது, தவணையில் புதியதை எடுத்துக்கொள்ளுங்கள்” என்றாராம். “ஏற்கெனவே மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்டுகிறோம். இன்னொரு கடன் வாங்கத்தான் வேண்டுமா?” என்று கேட்கிறார் அந்தத் தாயார்.

வேண்டாம் அம்மா. உங்கள் மகன் சொன்னதும் பொய்யில்லை. பட்டன் இருக்கிறது, திரைக்குக் கீழே மறைந்து கிடக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

கணினித் திரை புள்ளிகளால் ஆனது. இத்தகைய பழைய 10 அங்குலக் கணினிகளில் பெரும்பாலும் அகலத்தில் 1024 புள்ளியும், உயரத்தில் 600 புள்ளியும் இருக்கும். லினக்ஸ் மின்ட்டைத் தயாரிப்பவர்களோ 1024க்கு 768 இருந்தால் நல்லது என்கிறார்கள். ஆக, அகலத்தில் குறையில்லை. உயரத்தில்தான் 168 புள்ளி பற்றவில்லை. கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியோ, அமைப்புகளை மாற்றும் பெட்டியோ உயரமாகத் திறந்தால், அதன் அடியில் உள்ள பட்டன் திரைக்கு வெளியே போய்விடுகிறது.

இது இன்று புதிதாக வந்த தொல்லையுமல்ல. 2007இல் தைவானின் ஏசூஸ் நிறுவனம் 7 அங்குலத் திரையோடு ‘ஈ பிசி’ என்ற சின்னஞ்சிறு கணினியை வெளியிட்டது. அதன் திரை 800க்கு 480 புள்ளிதான். அதில் ஓடியதும் லினக்ஸ்தான். மறுவருடமே உபுண்டு லினக்ஸ்காரர்கள் சிறிய திரைக்கென்றே தனிப் பதிப்பு செய்தார்கள். 2010இல் அவர்களுடைய சிறு கணினிப் பதிப்பில், நிரல்களைத் திறக்கும் சின்னங்களை இடப்பக்க ஓரத்தில் நிறுத்தினார்கள். அந்த அமைப்பே 2011இல் உபுண்டுவின் பெரிய கணினிகளுக்கும் போனது.

லயத்து வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இந்த யுக்தி நன்றாகத் தெரியும். தரையில் இடமில்லையென்றால் சாமான்களைச் சுவரில் மாட்டிவிடுவோம் அல்லவா? அதே வேலையைத்தான் இங்கேயும் செய்யப் போகிறோம். லினக்ஸ் மின்ட்டில் எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற இலேசான பதிப்பு உண்டு. பழைய கணினிக்கு ஏற்றது அதுதான். கீழே சொல்லும் முறைகள் அதற்கானவை.

முதலாவது, மறைந்த பட்டனை மேலே கொண்டு வருவது. விசைப்பலகையில் ‘ஆல்ட்’ என்ற விசையை ஒரு கையால் அழுத்திக்கொள்ளுங்கள். மறு கையால் பெட்டியின் நடுவில் எங்கேயாவது இடப்பக்கப் பட்டனை அழுத்திப் பிடித்து மேல்நோக்கி இழுங்கள். பெட்டியின் தலை திரைக்கு மேலே போகும், அடியில் உள்ள பட்டன் கண்ணுக்குத் தெரியும். வேறு சில லினக்ஸ்களில் ‘ஆல்ட்’டுக்குப் பதிலாக விண்டோஸ் சின்னம் போட்ட விசையை அழுத்த வேண்டியிருக்கும். இன்றிரவே இதைச் செய்து பாருங்கள்.

இரண்டாவது, இணையப் பக்கத்திற்கு உள்ளேயே திறக்கும் பெட்டிகள். அவற்றை ‘ஆல்ட்’ கொண்டு தனியே இழுக்க முடியாது. ‘கண்ட்ரோல்’ விசையோடு கழித்தல் குறியை அழுத்தினால் பக்கம் முழுவதும் சிறிதாகி, பட்டன் உள்ளே வந்துவிடும். வேலை முடிந்ததும் ‘கண்ட்ரோல்’ விசையோடு பூஜ்யத்தை அழுத்தினால் பழைய அளவுக்குத் திரும்பும். நீண்ட பாடத்தைப் படிக்கும்போது ‘எஃப் 11’ விசையை அழுத்தினால் பக்கம் திரை முழுவதும் விரியும். மறுபடி அழுத்தினால் பழையபடி ஆகும்.

மூன்றாவது, கீழே படுத்திருக்கும் பட்டையை எழுப்பி நிறுத்துவது. நேரமும் நிரல் சின்னங்களும் இருக்கும் அந்தப் பட்டைக்குப் ‘பேனல்’ என்று பெயர். அதன்மேல் வலப்பக்கப் பட்டனை அழுத்தி, ‘பேனல் பிரிஃபரன்சஸ்’ என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே ‘மோட்’ என்ற இடத்தில் ‘டெஸ்க்பார்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘லாக் பேனல்’ என்பதில் உள்ள குறியை எடுத்துவிட்டு, பட்டையின் முனையைப் பிடித்து இடப்பக்க ஓரத்திற்கு இழுத்துச் சென்று, மறுபடி பூட்டிவிடுங்கள். பட்டை எடுத்துக்கொண்டிருந்த உயரம் முழுவதும் பாடத்திற்குக் கிடைக்கும். பட்டையே கண்ணில் படக்கூடாது என்றால், அதே இடத்தில் தானாக ஒளிந்துகொள்ளும் வசதியும் உண்டு. சுட்டியை ஓரத்திற்குக் கொண்டுபோனால் எட்டிப்பார்க்கும்.

நான்காவது, தலைப்புப் பட்டை. அமைப்புகளில் ‘விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்’ என்ற பகுதியைத் திறந்து, ‘அக்சஸிபிலிட்டி’ பக்கத்தில், சாளரம் முழுத்திரையாக விரியும்போது தலைப்பை மறைக்கும் வரிக்குக் குறியிடுங்கள். இன்னும் ஒரு வரி உயரம் மிச்சமாகும். தலைப்போடு மூடும் பட்டனும் மறைந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம். ‘ஆல்ட்’ விசையோடு ‘எஃப் 4’ விசையை அழுத்தினால் சாளரம் மூடிக்கொள்ளும்.

ஐந்தாவது, எழுத்தின் அளவு. ‘அப்பியரன்ஸ்’ பகுதியில் ‘ஃபாண்ட்ஸ்’ பக்கத்தில் ‘டிபிஐ’ என்ற எண் இருக்கும். வழக்கமாக 96. அதை 90க்குக் குறைத்தால் பெட்டிகளும் பட்டியல்களும் கொஞ்சம் சுருங்கும். இதில் மட்டும் பேராசை வேண்டாம். ஆங்கில எழுத்து சிறிதானாலும் ஓரளவு தெரியும். தமிழ் எழுத்துக்குக் கொம்பும் சுழியும் புள்ளியும் உண்டு. மிகவும் சுருக்கினால் ‘ண’வும் ‘ன’வும் ஒன்றுபோலத் தெரியும். மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும். பிள்ளையின் கண் கெட்டால் எந்தக் கடையிலும் அதற்கு மாற்று வாங்க முடியாது. தமிழ்ப் பாடம் படிக்கையில் ‘கண்ட்ரோல்’ விசையோடு கூட்டல் குறியை அழுத்தி எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டாம். ஒரு மாற்றம் செய்து இரண்டு நாள் பழகிப் பாருங்கள். பழைய எண் என்ன என்பதை நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்துக்கொண்டால், பிடிக்காதபோது திரும்பிப் போகலாம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இதனால் கணினியின் வேகம் கூடாது. 2 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் ஒரே நேரத்தில் பத்துப் பக்கங்களைத் திறந்து வைத்தால் அது திணறத்தான் செய்யும். பள்ளியில் ஏதேனும் ஒரு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும் என்றால், அதற்கும் இது வழியல்ல. அப்படியிருந்தால் ஆசிரியரிடம் நேரில் பேசி, பள்ளிக் கணினியில் செய்ய அனுமதி கேளுங்கள். பாடம் எழுதி அனுப்புவதற்கும், படிப்பதற்கும் இந்தச் சிறு கணினி போதும். புதியதை வாங்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், அப்போது கையில் உள்ள காசைப் பார்த்து முடிவு செய்யலாம். பட்டன் தெரியவில்லை என்பதற்காகக் கடன்பட வேண்டியதில்லை.

கடைசியாக, கை நீட்டிய தகப்பனாருக்கு ஒரு வார்த்தை. ஐயா, விடியுமுன் வேலைக்குப் போய் வெயிலில் குலை வெட்டி, யாருக்காகப் பாடுபடுகிறீர்கள்? அந்தப் பிள்ளைக்காகத்தானே! கணினி நமக்குப் புரியாத பொருளாக இருக்கலாம். ஆனாலும் பிள்ளை “காணோம்” என்று சொன்னபோது, பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை பார்த்திருக்கலாம். போனது போகட்டும். இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் இந்தப் பக்கத்தை அவனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ‘ஆல்ட்’ விசையை நீங்கள் அழுத்திப் பிடியுங்கள். அவன் இழுக்கட்டும். பட்டன் மேலே வந்ததும், “நீ சொன்னது உண்மைதான்டா” என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

தாயார் அவர்களே, பாடம் ஆசிரியருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று மறக்காமல் எழுதுங்கள். காத்திருக்கிறேன்.