பிள்ளைகளின் நடைக்குத் தக்க பிரயாணம்



புத்தூர் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவில் வருவது, எலும்பு முறிந்தவர்களுக்குப் போடப்படும் புத்தூர் கட்டே. சென்னையின் தெருக்களில் அப்பெயரைத் தாங்கிய பலகைகள் ஏராளம். அந்தப் புத்தூர் ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 ஏப்ரல் முதல் புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்திருக்கிறது. கை கால் முறிந்தவர்கள் மாத்திரம் போகும் ஊர் என்று அதை எண்ணிவிட வேண்டாம். மலையில் நடக்கவும், நகரைச் சுற்றிப் பார்க்கவும் விரும்பும் ஒரு குடும்பம் மூன்று நாள் தங்கி வருவதற்கு ஏற்ற இடம் அது.

நகரத்தில் குடியேறிய நமக்கு விடுமுறை என்றால், பெரும்பாலும் சொந்த ஊருக்குப் போய்த் திரும்புவதுதான். அங்கே கலியாணம், துக்கம், நிலத்தகராறு, உறவினரை விசாரித்தல் என்று நாட்கள் கழிந்துபோகும். வீட்டுத் தாய்க்கோ அடுப்பு மாறுகிறதேயன்றி வேலை மாறுவதில்லை. இரவுப் பணிக்குச் செல்லும் தகப்பனும், டியூஷனுக்கு ஓடும் பிள்ளைகளும் ஒரே வீட்டில் இருந்தும் முகம் பார்த்துப் பேச நேரமின்றி வாழ்கிறார்கள். ஆகையால், ஆண்டில் மூன்று நாட்களாவது குடும்பமாகச் சேர்ந்து நடப்பது வீண் செலவு அல்ல. ஆனால் ஆயத்தமின்றிப் புறப்பட்டால் அதுவும் களைப்பிலும் சண்டையிலும் முடியும். எனவே மூன்று காரியங்களை முன்னதாகவே தீர்மானிப்போம்.

முதலாவது: யாருடைய கால்கள் அளவு?

ஏசா தன்னோடு சேர்ந்து புறப்படும்படி அழைத்தபோது, யாக்கோபு இணங்கவில்லை. தன்னிடம் சிறு பிள்ளைகளும் கறவையான ஆடுமாடுகளும் உண்டென்றும், அவைகளை ஒரு நாள் விரட்டி ஓட்டினாலும் தாங்காதென்றும் சொல்லி, தான் மெதுவாகவே பின்வருவதாகத் தெரிவித்தான். குடும்பப் பிரயாணத்தின் முழுத் திட்டமும் இதில் அடங்கியிருக்கிறது. வாலிபனான மூத்த மகனின் கால்களை அளவாக வைத்துத் திட்டமிட்டால், முழங்கால் வலியுள்ள பாட்டி விடுதி அறையிலேயே உட்கார்ந்திருப்பார். அவருக்குத் துணையாகத் தாயும் தங்கிவிடுவார். பாட்டியின் நடையையும் ஏழு வயதுப் பிள்ளையின் நடையையும் அளவாக வைத்தால், அனைவரும் ஒருமித்து நடக்கலாம்.

புறப்படுவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பிருந்தே, மாலைதோறும் அரை மணி நேரம் குடும்பமாக நடந்து பழகுங்கள். மாடிப்படிகளும் ஏறிப் பழகுங்கள். யார் எங்கே மூச்சு வாங்குகிறார் என்பது அப்போதே தெரிந்துவிடும். புதிய காலணியை மலையில் முதன்முதலாக அணியலாகாது. நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு, மருந்துகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது: எதைத் தெரிந்துகொள்வது?

சென்னை சென்ட்ரலிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் சப்தகிரி விரைவு ரயில் புத்தூரில் நிற்கிறது. திருத்தணியைக் கடந்தபின் ஜன்னலோரம் அமரும் பிள்ளைகளுக்கு நகரி மலையைக் காட்டுங்கள். மூக்குப்போல் நீண்டு நிற்கும் அதன் பாறைமுகட்டை முற்காலத்தில் கடலோடிகளும் அடையாளமாகக் கொண்டார்கள். 1911இல் சித்தூர் மாவட்டம் அமையும்வரை இப்பகுதி வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்தது. 1960இல் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்ந்தது; நகரியும் புத்தூரும் ஆந்திரத்திலேயே இருந்துவிட்டன. ஆயினும் இன்றும் கடைத்தெருவில் தமிழ் பேசியே காரியத்தை முடித்துக்கொள்ளலாம்.

முதல் நாள் பகலில் வந்து சேர்ந்து இளைப்பாறுங்கள். மாலையில் கடைத்தெருவரை நடந்து வந்தால் போதுமானது. இரண்டாம் நாள் காலை மலைக்குச் செல்லுங்கள். ஊத்துக்கோட்டைச் சாலையில் நாராயணவனத்தைக் கடந்து சென்றால் கைலாசகோனா அருவியை அடையலாம். அங்கே முதியோரும் நிதானமாக நடந்து சென்று நீரைக் காண முடியும். ஞாயிற்றுக்கிழமையில் கூட்டம் மிகுதி. வார நாளே நலம். நான்காவது நாளும் கையில் இருக்குமானால், திருப்பதிக்கு அப்பால் ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவிலுள்ள தலக்கோனாவைச் சேர்த்துக்கொள்ளலாம். ஏறக்குறைய 270 அடி உயரத்திலிருந்து விழும் அந்த அருவியின் அடிவாரத்தோடு நிறுத்திக்கொள்வது குடும்பத்துக்குப் போதும்.

மூன்றாம் நாள் நகரம். திருப்பதி புத்தூரிலிருந்து ஏறக்குறைய 35 கி.மீ. அதற்கு அப்பால் 12 கி.மீ. அளவில் சந்திரகிரிக் கோட்டை இருக்கிறது. விஜயநகர அரசர்கள் தங்கள் பிற்காலத்தில் தலைநகராகக் கொண்ட இடம் இது. ஆங்கிலக் கம்பெனியார் 1639இல் சென்னைக் கடற்கரையில் இடம் பெற்றபோது, அந்த நிலம் இவ்வரச மரபின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. நாம் வாடகைக்குக் குடியிருக்கும் நகரத்தின் தொடக்கத்தைப் பிள்ளைகள் இங்கே நின்று அறிந்துகொள்ளலாம். மூன்று அடுக்குகளுள்ள ராஜ மகாலில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் உண்டு; வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை. மாலையில் திருப்பதி மண்டல அறிவியல் மையத்தைப் பார்த்துவிட்டு ரயில் ஏறலாம். திருமலையில் பெரிய திருவிழாக்கள் நடக்கும் நாட்களில் விடுதிகளும் ரயில்களும் நிரம்பி வழியும். அந்தத் தேதிகளைப் பார்த்து விலக்கிவிட்டுப் பயணச்சீட்டு எடுங்கள்.

இதோடு ஹார்ஸ்லி மலையையும் சேர்க்கலாமே என்று ஒருவர் சொல்லுவார். 4,100 அடி உயரமுள்ள குளிர்ச்சியான மலைதான். ஆனால் திருப்பதியிலிருந்து ஏறக்குறைய 140 கி.மீ. தூரம். அதற்கென்று வேறொரு விடுமுறையை ஒதுக்குங்கள். ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் பார்க்க நினைப்பவர்கள் பேருந்தின் ஜன்னலையே அதிகம் பார்ப்பார்கள்.

மூன்றாவது: எங்கே நிறுத்துவது?

நாகலாபுரம் மலைகளில் ஓடைகளின் வழியே ஏறும் கடினமான பாதைகள் உண்டு. வாலிபர்கள் அதற்கு ஆசைப்படுவார்கள். வனத்துறையின் அனுமதியும் பாதை அறிந்த வழிகாட்டியும் இல்லாமல் அங்கே கால் வைக்கலாகாது. 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீயில், மலையேறச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டுபோனார்கள். சென்னையிலிருந்து சென்றவர்களும் அவர்களில் இருந்தார்கள். வறண்ட கோடையில் புல்வெளியில் பற்றும் நெருப்பு மனிதனின் ஓட்டத்தைவிட வேகமானது.

2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. ஆயிரக்கணக்கானோர் நடக்கும் பாதையிலேயே அப்படி நடந்ததென்றால், தனித்த காட்டுவழியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சூரியன் நன்றாக எழும்பிய பின்பு புறப்பட்டு, பிற்பகல் மூன்று மணிக்குள் சாலைக்குத் திரும்பிவிடுங்கள். சிறு பிள்ளைகள் எப்போதும் பெரியவர்களுக்கு நடுவே நடக்கட்டும்.

பருவம் பார்ப்பதும் அவசியம். வடகிழக்குப் பருவமழை இப்பகுதியைக் கடுமையாகத் தாக்கும். 2021 நவம்பரில் திருப்பதி வெள்ளத்தில் தத்தளித்தது. மழை நாளில் அருவிக்குப் போகாதீர்கள். மலைமேல் பெய்த மழை கீழே திடீரென வெள்ளமாக வரும். கோடையோ வெயிலால் வாட்டும். டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை உகந்த காலம். அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் அதற்குள் வருகின்றன. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம், காயத்துக்குக் கட்டும் துணி ஆகியவை கையில் இருக்கட்டும். செம்மரம் வளரும் காடு இது. ஒரு சிறு மரத்துண்டையும் எடுத்து வராதீர்கள், அது குற்றமாகும்.

எல்லாவற்றிலும் முக்கியமான சட்டம் ஒன்றை வீட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள்: “என்னால் முடியவில்லை” என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே அனைவரும் திரும்ப வேண்டும், அதற்காக அவரை ஒருவரும் கேலி செய்யக்கூடாது. இந்தச் சட்டம் இல்லாத குடும்பத்தில் பலவீனமானவர் வெட்கத்தினால் மௌனமாக நடப்பார்; விபத்து அவருக்கே நேரிடும்.

இன்றிரவு உணவுக்குப் பின் ஒரு தாளை எடுத்து வையுங்கள். ஒவ்வொருவரும் தாம் காண விரும்பும் ஒன்றையும், தமக்குப் பயமான ஒன்றையும் சொல்லட்டும். முதலில் தாயைக் கேளுங்கள். அந்த மூன்று நாளும் அவர் அடுப்படிக்குப் போகாதபடி சாப்பாட்டுச் செலவை முதலாவது ஒதுக்கிவைத்து, அதன் பின்பு பயணச்சீட்டை எடுங்கள்.