அப்பா கொடுத்த துப்பாக்கி

அமெரிக்காவில் பையனுக்கு 18 வயது ஆனால் மான் வேட்டைக்கு ரைஃபிள் வாங்கித் தருவது பல குடும்பங்களில் வழக்கம். (சிரிக்காதீர்கள். நாம் மோதிரம் போடுவதில்லையா?) அந்த வழக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை, வாங்குகிற லட்சணத்தோடுதான். 'லைஃப் டைம் கிஃப்ட் ஆச்சே!' என்று தோளைப் பெயர்க்கிற மேக்னம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நாலு ரவுண்டு சுட்டதும் பையன் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கப் பழகிவிடுவான். அது லேசில் போகாது. 1906-ல் வந்த முப்பது-நாட்-ஆறு தோட்டா இன்றைக்கும் சின்ன ஊர்க் கடைகளில்கூடக் கிடைக்கிறது. போன வருஷத்து ஃபேஷன் தோட்டா பேரன் காலத்தில் கிடைக்குமா, சொல்லுங்கள்.

வின்செஸ்டர் மாடல் 70 வந்தது 1936-ல். 1964-ல் செலவைக் குறைக்க அதன் அமைப்பை மாற்றினார்கள். அதற்கு முந்தையதை இன்னமும் தேடித் தேடி வாங்குகிறார்கள். அப்பேர்ப்பட்ட துப்பாக்கி மேல் மலிவு ஸ்கோப்பை மாட்டுகிற அப்பாக்களை என்ன செய்ய? உதைப்பில் குறி நகர்ந்துவிடும், பழி பையன் தலையில். அதற்காக 24 மடங்கு காட்டுகிற பூதக்கண்ணாடியும் வேண்டாம். அடர்ந்த காட்டில் மானின் ரோமம்தான் தெரியும், மான் தெரியாது. மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு தாராளம். மிச்சமாகும் காசுக்குத் தோட்டா வாங்கிக் கொடுக்கலாமே, சுட்டுப் பழகட்டும்.