மலையின் அணைப்பில் ஒரு துறைமுகம்

சிம்மாசலம் வராக நரசிம்மரைச் சேவிக்க வேண்டும் என்பது என் மனைவியின் நெடுநாள் வேண்டுதல். சென்ற தை மாதம் இருவரும் விசாகப்பட்டினம் சென்றிருந்தோம். மலைமேல் பேருந்து செல்வதால் முதியோர் படியேற வேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் சந்தனக் காப்பினுள் மறைந்திருக்கும் பெருமான், அட்சய திருதியை அன்று மட்டுமே நிஜரூபம் காட்டியருளுகிறார். சந்தனக் கோலத்தில் சேவித்ததே எங்களுக்கு நிறைவாயிருந்தது. முதற் குலோத்துங்க சோழன் காலத்துக் கல்வெட்டும் அங்கு உண்டு.

மறுநாள் விடியற்காலை ராமகிருஷ்ணா கடற்கரையில் உலாவினோம். அங்கே கரையில் நிறுத்தப்பட்டுள்ள குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல், 1969 முதல் 2001 வரை கடற்படையில் பணியாற்றி, இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது. அதைக் காணும் ஆவலில், வங்கிக்கு ஓடிய நாட்களின் வேகத்திலேயே நடந்துவிட்டேன். கப்பலருகே நின்று திரும்பிப் பார்த்தால் மனைவியைக் காணவில்லை. அவளது கைப்பேசியும் என் பையில்தான் இருந்தது.

பேரிரைச்சலுடன் புரளும் கடல் அது. இறங்கிக் குளிப்பது ஆபத்து என்பார்கள். அலையோரம் பார்த்துக்கொண்டே, நரசிம்மனை அழைத்தபடி திரும்பி ஓடினேன். கடற்கரைக் காளி கோயிலருகே, முழங்காலைப் பிடித்தபடி அமர்ந்திருந்தாள். முன்பின் அறியாத தெலுங்குப் பெண்மணி ஒருவர் தண்ணீர் கொடுத்துத் துணையிருந்தார்.

"நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று தெரியும். எப்போது பார்ப்பீர்கள் என்பதுதான் தெரியவில்லை" என்றாள். சினமின்றிச் சொன்ன அச்சொல் என்னைச் சுட்டது. நாற்பது ஆண்டுகளாக நான் முன்னே நடந்துகொண்டே இருந்திருக்கிறேன்!

அன்று மாலை, துறைமுக வாயிலருகே உள்ள வேங்கடேசுவரர் குன்றுக்கு, அவள் கையைப் பற்றி மெல்ல ஏறினேன். அடுத்தடுத்த குன்றுகளில் தேவாலயமும் தர்காவும் உள்ளன. எதிரே டால்பின் மூக்கு என வழங்கும் மலை, கடலுக்குள் நீண்டு நிற்கிறது. 1933இல் திறக்கப்பட்ட துறைமுகம் அம்மலையின் அணைப்பில்தான் அமைந்துள்ளது. காலையில் கண்ட அதே கடல். மலைக்கு இப்பால் குளம்போல் அடங்கிக் கிடந்தது.

மலை எங்கும் விரைவதில்லை, உடன் நிற்கிறது. பகவான் நமக்கு அவ்வாறு நிற்கிறான். நாமும் நம்மை நம்பி வந்தவருக்கு அவ்வாறு நிற்க வேண்டாமா?

இப்போதெல்லாம் எங்கள் ஊர்க் கோயில் பிராகாரத்தை வலம்வரக் கூடுதல் நேரம் ஆகிறது. இருவரும் சேர்ந்தே முடிக்கிறோம்.