வாய்க்காலுக்குக் கிழக்கு

ஞாயிற்றுக்கிழமை நாளிதழுக்குள் செருகி வந்த ஒரு வண்ணத் துண்டறிக்கை என் வாரத்தையே கெடுத்துவிட்டது. ‘மனை வாங்கினால் பத்திரப்பதிவு இலவசம்.’ அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அக்கா மகன் வந்தான். “மாமா, ரியல் எஸ்டேட்டை இந்த மனையில இருந்து ஆரம்பிக்கப் போறேன். ஒண்ணரை வருஷத்துல வித்துட்டு அடுத்ததை வாங்கிடலாம்.”

கணக்குப் போட்டுக் காட்டினேன். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்ச ரூபாய்ப் பத்திரத்துக்கு 1,80,000 ரூபாய். யாரும் அதைத் தன் கைக்காசில் கட்டித் தரமாட்டார்கள். மனை விலையில் ஏற்றியிருப்பார்கள். 24 மாதம் ஆவதற்குள் விற்றால் வரும் லாபத்தைச் சம்பளத்தோடு சேர்த்து வருமான வரி போடுவார்கள். தரகு வேறு.

“தாய்ப்பத்திரம் பாத்தியா?” என்றேன்.

“வில்லங்கம் போட்டுப் பாத்துட்டேன் மாமா. சுத்தமா இருக்கு.”

எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். வில்லங்கச் சான்று, பதிவான பத்திரங்களின் பட்டியல். பதியாத உயில் அதில் வராது. அண்ணன் தம்பிகள் வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்ட பாகமும் வராது. பட்டியலைப் பார்த்துவிட்டுப் பத்திரத்தைப் படித்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

 தாத்தாவின் தகரப்பெட்டியிலிருந்து 1958ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரத்தை எடுத்து அவனிடம் நீட்டினேன். எனக்கு அதைவிடப் பிடித்த புத்தகம் கிடையாது. எழுத்துக் கூட்டி வாசித்தான். நிலத்தின் எல்லைகளைச் சொல்லும் சக்குபந்தி வந்தது: வாய்க்காலுக்குக் கிழக்கு, வண்டித்தடத்துக்கு வடக்கு.

“அப்ப வாய்க்கால் நமக்குக் கிழக்குப் பக்கம்.”

இல்லை. வாய்க்காலுக்குக் கிழக்கே இருப்பது நம் நிலம். வாய்க்கால் நமக்கு மேற்கே. புதிதாகப் பத்திரம் படிக்கிறவர்கள் பலரும் தடுமாறுகிற இடம் இது. அந்தக் காலத்துப் பத்திர எழுத்தர் நம் நிலத்தில் நின்றுகொண்டு அக்கம்பக்கத்தைக் காட்டவில்லை. அடுத்தவர் வரப்பில் நின்று நம் நிலத்தைக் காட்டுகிறார். நம் எல்லையை அக்கம்பக்கம்தான் சொல்கிறது.

மேலே படிக்கச் சொன்னேன். மாவடை, மரவடை. கிணற்றில் பாதிப் பங்கு, முறைவைத்து இறைத்துக்கொள்ளும் பாத்தியம். பிறகு நான் பல தடவை படித்தும் நிற்காமல் தாண்டிப்போன ஒரு வரி: பின்புறத்து நிலத்துக்காரர் ஆளும் மாடும் வண்டியும் போய்வர, கீழ்வரப்பை ஒட்டி எட்டடித் தடம் விட வேண்டியது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். “அங்கதான மாமா நாம கம்பிவேலி போட்டிருக்கோம்?”

ஆறு வருஷத்துக்கு முன்னால் நானும் அக்காவும் பேசிப் போட்ட வேலி. ஆடு மாடு நுழைகிறது என்று காரணம் சொன்னோம். பின்நிலத்துக்காரர் சண்டைக்கு வரவில்லை. அறுத்த கட்டுகளைத் தலையில் சுமந்துகொண்டு ஏரிக்கரையைச் சுற்றித்தான் களத்துக்குப் போகிறார். பட்டா எங்கள் பேரில் இருக்கிறது, வரி கட்டியாகிறது, வில்லங்கம் சுத்தமாக இருக்கிறது. ஆனாலும் தாத்தா கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்ட ஒரு வாக்கின் மேல் கம்பியை இழுத்துக் கட்டியிருக்கிறோம்.

நிலம் வாங்குவது என்றால் அதன் பழைய வாக்குகளையும் சேர்த்து வாங்குவது. விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் அவற்றை மறைக்காமல் அடுத்தவர் கையில் ஒப்படைக்க வேண்டும். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்.

வியாழக்கிழமை நானும் அக்காவும் அவனும் ஊருக்குப் போனோம். ஒரு கல்தூணைப் பிடுங்கி எட்டடிக்குக் கம்பியை அவிழ்த்தோம். பின்நிலத்துக்காரரின் மனைவி வந்து பார்த்துவிட்டு, “தண்ணி குடிக்கிறீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் துண்டறிக்கையைப் பிரித்து, அதிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டான். “தாய்ப்பத்திர நகல் அனுப்புங்க சார். மனை போடறதுக்கு முன்னாடி அந்த வயலுக்குள்ள யாருக்கு வழி இருந்துச்சு?”